ஏழாம் தொட்டியின் பழைய முகவரி

பக்கத்தைத் திறந்த ஆள் போகவே இல்லை.

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தபோதே ஹேமாவதி அதைப் பார்த்துவிட்டாள். தொழிற்சாலையின் இணையதளத்தில் எந்தப் பக்கத்தை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும் ஒரு கட்டம் உண்டு. அதில் நின்றது ஒரே ஒரு வரி. ஏழாம் தொட்டி, தெலுங்குப் பக்கம், பார்ப்பவர் ஒருவர், ஊர் கும்மிடிப்பூண்டி. அதுவும் புதிய முகவரியில் இல்லை, ஆடி மாதத்திலேயே அவள் ஒழித்துக்கட்டிய பழைய முகவரியில். எவனோ போனைத் திறந்து வைத்துவிட்டு மறந்துபோயிருப்பான் என்று விட்டுவிட்டாள். மதியம் சாப்பிட்டுக் கை கழுவி வந்து பார்த்தால் அந்த ஒருவர் அப்படியே இருந்தார். வெளியே கார்த்திகை மழை ஊற்றிக்கொண்டிருந்தது. பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் வழிந்த தண்ணீருக்கு அப்பால் தொட்டிகள் இருக்கும் முற்றமும் அதைத் தாண்டி லாரிகளின் சிவப்பு விளக்குகளும் கலங்கித் தெரிந்தன.

கும்மிடிப்பூண்டியில் தோல் பதனிடுகிற ரசாயனம் காய்ச்சும் ஆலை அது. ஒவ்வொரு தொட்டியின் வாய் ஓரத்திலும் ஒரு தகரப் பலகை இருக்கும். அதில் தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா என்று மொழிக்கு ஒரு கியூஆர் கட்டம். உள்ளே இறங்கப் போகிறவன் தன் மொழிக் கட்டத்தைப் போனில் பிடித்தால் அந்தத் தொட்டிக்கான விதிகள் திறக்கும். என்ன வாயு தேங்கியிருக்கும், முகமூடி வேண்டுமா வேண்டாமா, எப்போது மேலே ஏறிவிட வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். சூப்பர்வைசரே அதைப் பார்த்துத்தான் இறங்கு என்பார். அந்தப் பக்கங்களின் முகவரிகளையெல்லாம் பார்த்துக்கொள்வது ஹேமாவதியின் வேலை.

ஆடியில் மேனேஜர் அன்புசெல்வன் முகவரிகள் எல்லாம் அனுமார் வால் மாதிரி நீள்கின்றன, சுருக்கு என்றார். சுருக்கினாள். பலகைகளில் இருப்பதோ பழைய முகவரி. அதற்கு வருகிறவனைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிட வேண்டும், ஒவ்வொன்றாக. தமிழையும் இந்தியையும் ஒழுங்காகச் செய்தாள். தெலுங்குக்கு வந்தபோது சலித்துப்போனாள். அவளுக்குத் தெலுங்கில் ஓர் எழுத்தும் தெரியாது. முகவரியில் அந்த எழுத்துகள் வெறும் சதவீதக் குறியும் எண்ணுமாக உடைந்து எல்லாம் ஒன்று போலவே கிடந்தன. ரயிலுக்கு வேறு நேரமாகிவிட்டது. எங்கேயாவது ஓரிடத்தைக் காட்டாமல் திரையில் சிவப்பு எச்சரிக்கை போகாது. எல்லாத் தெலுங்கு முகவரிகளையும் முதல் தொட்டியின் தெலுங்குப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டாள். முதல் தொட்டி நல்ல தண்ணீர்த் தொட்டி. முகமூடி தேவையில்லை, தாராளமாக இறங்கலாம் என்பதுதான் அதன் விதி. மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் சீனய்யா ஏழாம் தொட்டியில் இறங்கினான். கூடூர்ப் பக்கத்து ஒப்பந்தத் தொழிலாளி, தமிழில் ஒரு சொல் வராது. தன் மொழியில் வந்ததை வரி விடாமல் படித்துவிட்டு, சொன்னபடியே முகமூடி இல்லாமல் கழிவுச் சேற்றில் கால் வைத்தான். அவன் உடலை மேலே கொண்டுவருவதற்குள் ஹேமாவதி முகவரியைச் சரிசெய்துவிட்டாள். விசாரணைக்கு வந்தவர்கள் பார்த்தபோது பக்கம் சுத்தமாக இருந்தது. இணையதளம் ஒருநாளும் தவறாகக் காட்டாது என்று அவள் எழுதிக் கொடுத்தாள். குடித்துவிட்டுப் படிக்காமல் இறங்கினான் என்று அன்புசெல்வன் எழுதினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். சீனய்யாவின் மனைவி கேட்டில் நின்று தெலுங்கில் ஏதோ ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மாடியிலிருந்து பார்த்த ஹேமாவதி ஜன்னல் திரையை இழுத்து விட்டாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாரம்தான் தன் தம்பி முரளியை இதே ஆலையில் பிட்டராகச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தாள். அம்மா போன பிறகு அவள் சோறு பிசைந்து ஊட்டி வளர்த்த பிள்ளை அவன். அவனுக்கு ஒரு வழி பண்ணாமல் நல்லவளாக இருந்து என்ன லாபம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

இப்போது அந்தப் பழைய முகவரியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். பலகைகளில் ஸ்டிக்கர் மாற்றி மாதங்கள் ஆகின்றன. அந்த முகவரி உலகத்தில் எங்கேயும் ஒட்டியிருக்கவில்லை.

முகவரியை அடியோடு அழித்தாள். திறந்து பார்த்தாள். நீங்கள் தேடிய பக்கம் இல்லை என்று வந்தது. அப்பாடா என்று சாய்ந்தாள். கட்டத்தைப் பார்த்தாள். பார்ப்பவர் ஒருவர்.

இல்லாத பக்கத்தை எதற்கு இவ்வளவு நேரம் பார்க்கிறான்?

அப்போதுதான் நாற்றம் வந்தது. முதலில் லேசாக, யாரோ டிபன் பாக்ஸில் முட்டையைக் கெட்டுப்போக விட்டது போல. பிறகு ஏசியின் குளிர்காற்றோடு கலந்து, தொண்டையில் ஒட்டிக்கொண்டு, கண்ணை எரியவைத்து, மேசைக்கு அடியிலிருந்தே கிளம்புவது போல. அந்த நாற்றம் அவளுக்குத் தெரியும். ஏழாம் தொட்டியின் மூடியைத் திறந்தால் முற்றம் முழுக்க அடிக்கிற நாற்றம். மாடிக்கு அது ஒருநாளும் வந்ததில்லை. பக்கத்து மேசைக்காரி நந்தினி காதில் ஹெட்போனோடு நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்கு எதுவும் அடிக்கவில்லையா என்று கேட்டதற்கு, மல்லிப்பூ வாசனைதான் அடிக்குது என்று தன் தலையைத் தொட்டுக் காட்டினாள்.

ஹேமாவதி திரைக்குத் திரும்பினாள். முகவரிகளைத் திருப்பிவிடும் இடத்தில் ஒரு புதிய வரி.

அவள் போடாதது. ஏழாம் தொட்டி, தமிழ். அங்கே வருகிறவர்கள் செல்ல வேண்டிய இடம், முதல் தொட்டி.

அழித்தாள். திரையைப் புதுப்பித்தாள். வரி இருந்தது. மறுபடி அழித்தாள். இருந்தது. தமிழ்ப் பக்கத்தையே மொத்தமாக நீக்கினாள். நீக்கிய பக்கம் திறந்தது. இது நல்ல தண்ணீர்த் தொட்டி, முகமூடி தேவையில்லை என்று அழகான தமிழில் சொன்னது. மேலே எண் மட்டும் ஏழு. இந்தியைப் பார்த்தாள், சரியாக இருந்தது. ஒடியா சரியாக இருந்தது. தெலுங்குகூடச் சரியாக இருந்தது. தமிழ் மட்டும்தான். எதற்குத் தமிழ் மட்டும்?

ஏழாம் தொட்டியில் வால்வு மாட்டிக்கொண்டது, மதியத்துக்கு மேல் இறங்கவேண்டியிருக்கும் என்று காலையில் பைக்கில் வரும்போது முரளி சொல்லியிருந்தான்.

போனை எடுத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தான். அவன் பின்னால் மழை தகரத்தில் இரைந்தது.

"முரளி, எறங்காதடா."

"இன்னாத்துக்குக்கா? ரெடியாயிட்டேன். தொட்டிய நேத்தே கழுவி நல்ல தண்ணி உட்டாங்க போல. மாஸ்க்கே வேணாம்னு போட்டுக்கீது."

"அந்தப் பக்கம் தப்புடா."

அவன் சிரித்தான். "நீ போட்டதுல தப்பு வருமா? சீனய்யா கேசுல நீதானேக்கா எழுதிக் குடுத்த, அது ஒருநாளும் தப்பா காட்டாதுன்னு?"

சொல்லிவிட வாய் திறந்தாள். நான் பொய் எழுதினேன், அவன் படித்துவிட்டுத்தான் இறங்கினான், நான்தான் கொன்றேன் என்று. ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக்கூடியதுதான். மேசைக்கு எதிரே டீ கிளாஸோடு அன்புசெல்வன் வந்து நின்றிருந்தார். என்ன ஹேமா, முகமெல்லாம் வேர்த்திருக்கே என்றார். அவள் அவரைப் பார்த்தாள். போனை வாயோடு ஒட்டிக் குரலைத் தாழ்த்தினாள்.

"வேணாம்டா. அக்கா சொல்றேன் இல்ல?"

"நீ ஒருத்தி. சும்மா பயந்துகினு. ஊட்டுக்குப் போசொல்ல பேசிக்கலாம்."

வைத்துவிட்டான். மறுபடி போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே.

கட்டத்தைப் பார்த்தாள். ஏழாம் தொட்டி, பார்ப்பவர்கள் இருவர்.

நாற்றம் நின்றது. சட்டென்று, யாரோ மூக்கைப் பொத்தியது போல. ஏழாம் தொட்டிக்கு அவளே தமிழில் தட்டச்சு செய்து சிவப்பு எழுத்தில் போட்ட விதி நினைவுக்கு வந்தது. நாற்றம் நின்றுவிட்டால் காற்று சுத்தமாகிவிட்டது என்று நினைக்காதே. மூக்கு செத்துவிட்டது. உடனே மேலே ஏறு.

ஓடினாள். அன்புசெல்வனின் கையை இடித்து, டீ கொட்டி, படியில் வழுக்கி. ஒரு செருப்பு போயிற்று. மழைக்குள் போனாள். முற்றத்துச் சிமெண்டில் கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. தொட்டிகள் ஒவ்வொன்றாக மழைக்குள்ளிருந்து வந்தன. நான்கு. ஐந்து. ஆறு.

ஏழாம் தொட்டியின் மூடி திறந்திருந்தது. சூப்பர்வைசர் தானியேல் அதன் ஓரத்தில் மண்டியிட்டு, உள்ளே போன கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கயிறு எதிர்ப்பே இல்லாமல் மேலே வந்துகொண்டிருந்தது. உள்ள காத்து அடிக்கிற ப்ளோயர் எடுக்கத்தான் போனேன்மா, பக்கம் சரியா இருக்குன்னு அதுக்குள்ள எறங்கிட்டான் என்று அழுதார். முகமூடி கொண்டுவரச் சொல்லி ஆளை அனுப்பியிருந்தார். கயிற்றின் நுனி வந்தது. முடிச்சு அவிழ்க்கப்பட்டிருந்தது.

அவள் குப்புற விழுந்து தொட்டி வாயில் தலையை நீட்டினாள். தானியேல் அவள் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அவள் விளிம்பை விடவில்லை.

இருட்டு. பிறகு கீழே ஒரு போன் வெளிச்சம்.

சேற்றில் முரளி உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது, இமைக்கவில்லை. வாயோரம் நுரை. அவனை ஒட்டி, அவன் தோளில் கை போட்டு, இன்னொருவன். சேறு பூசிய சட்டை, ஊறி வெளுத்த விரல்கள். சீனய்யா. தம்பியின் தலையைத் தன் தோளில் சாய்த்துவைத்திருந்தான், பஸ்ஸில் தூங்கிப்போனவனைத் தாங்குவது போல. மெல்ல முகத்தை உயர்த்தி அவளைப் பார்த்தான்.

அவள் கத்தினாள். அன்புசெல்வன் பின்னால் குடையோடு வந்து நின்றது அவளுக்குத் தெரிந்தது. இனி யார் கேட்டால் என்ன?

"நான்தான் சீனய்யா! நான்தான் முகவரிய மாத்தினேன்! உன்மேல தப்பே இல்ல, நீ குடிக்கல, நீ படிச்சிட்டுத்தான் எறங்கின! எல்லார்கிட்டயும் சொல்றேன், எழுதித் தரேன்! என் தம்பிய உட்ரு!"

தொட்டிச் சுவர்களில் அவள் குரல் முட்டி முட்டி அடங்கியது.

சீனய்யா தலையைச் சாய்த்தான். கோபம் இல்லை, கேட்க வேண்டும் என்ற ஆசைதான் முகத்தில் இருந்தது. தோலுரிந்த உள்ளங்கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். அவள் மறுபடி சொன்னாள், அழுதுகொண்டே, ஒவ்வொரு சொல்லாக. அவன் உதட்டைப் பிதுக்கினான். அவனுக்குத் தமிழ் தெரியாது.

பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் மெல்ல இடித்தான், நீயாவது சொல்லேன் என்பது போல.

முரளியின் தலை அந்தத் தோளிலிருந்து நிமிர்ந்தது. இமைக்காத கண்களால் அக்காவை அண்ணாந்து பார்த்தான். முரளி, முரளி என்று அவள் கதறினாள். அவன் யாரோ புரியாத மொழியில் பேசுவதைக் கேட்பவன் போல நெற்றியைச் சுருக்கினான். பிறகு அவனும் சேறு வழியும் கையைத் தூக்கி, உள்ளங்கையைக் குவித்து, காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.