வெள்ளிக்கிழமை துடைத்த தட்டு

சீதாலெட்சுமியின் வீட்டு வாசல் சுவரின்மேல் ஒரு கண்ணாடித் தட்டு இருந்தது. அதில் சோறும் போட முடியாது, முகமும் பார்க்க முடியாது. அதன்மேல் முழுக்க வாசலின் என்ற பிசுபிசுப்புக் களிம்பைத் தடவி வைத்திருந்தார் குணபூசணி அக்கா.

அக்கா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவர். சனிக்கிழமைதோறும் நகரத்துப் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி, சீதாவின் ஊரான மேருவுக்கு வருவார். சீதா இருந்த கம்பத்தை, அந்தச் சிறு கிராமத்தை, ஒட்டி ஒரு செம்பனை எண்ணெய் ஆலை இருந்தது. பழம் உதிர்த்த வெறுங்குலைகளை அங்கே குவித்து எரிப்பார்கள். அந்தக் கரி காற்றில் வந்து வாசலினில் ஒட்டும். வாரத்துக்கு எவ்வளவு ஒட்டுகிறது என்று ஐந்து வீடுகளில் வாராவாரம் தட்டை மாற்றி வைத்து அக்கா அளந்துகொண்டிருந்தார்.

"எரிக்கிறத எங்கிட்ட குடுத்தா பலகை செஞ்சிடுவேன்," என்பார்.

குலை நாரை அழுத்திப் பலகையாக்க முடியுமா? அக்காவால் முடியும். பெரியவளானதும் அவரைப் போலவே பைக்குள் பூதக்கண்ணாடி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சீதா முடிவே செய்துவிட்டாள்.

ஆனால் மூன்று வாரமாக ஒரு குழப்பம். ஆலைக்கு மிக அருகில் இருப்பது சீதா வீடுதான். தம்பி சபாபதிக்கு ஓயாத மூச்சிழுப்பு. அப்படியிருந்தும் அந்த வீட்டுத் தட்டுதான் ஐந்திலும் சுத்தமாக இருந்தது.

"ஆலைக்குப் பக்கத்து வீட்டுலயே கரி இல்லன்னா ஆலைக்காரங்க நம்ப மாட்டாங்க லா," என்றார் அக்கா. அளப்பதற்கு இன்னும் ஒரே வாரம்தான் மிச்சம்.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை சீதா பள்ளி விட்டு வந்தபோது அம்மா வீடு கழுவிக்கொண்டிருந்தார். ஒரு கையில் துணி, மறு கையில் வாசலின் டப்பா. நேராகத் தட்டை நோக்கி நடந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"துடைச்சிட்டுப் புதுசா தடவறேன். வாராவாரம் செய்றதுதான். படிச்ச பொண்ணு வந்து எடுக்கிற தட்டு. நம்ம வீட்டுல அழுக்கா இருந்தா என்ன நினைக்கும்?"

சீதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளதைச் சொன்னால் அம்மா ஒடிந்துபோவார். அக்காவுக்கென்றே வாராவாரம் முறுக்கு சுடுகிறவர் அவர்.

"வாசல் பக்கம் நான் பார்த்துக்கறேன்மா. நீங்க போய் விளக்கத் தேய்ங்க."

துடைப்பத்தைத் தொட்டே பார்க்காத மகள் இப்படிச் சொன்னதும் அம்மா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. விளக்குத் தேய்க்கப் போனார். சீதா தட்டில் ஒரு சொட்டுகூடப் படாமல் வாசலைக் கழுவினாள். பாதித் தண்ணீர் அவள்மேல்தான் விழுந்தது.

மறுநாள் தட்டு கன்னங்கரேலென்று இருந்தது. அக்கா மகிழவில்லை. மூன்று வாரம் சுத்தம், இந்த வாரம் மட்டும் கறுப்பு என்றால் எதை நம்புவது என்று கவலைப்பட்டார்.

முறுக்கோடு வந்த அம்மா தட்டைப் பார்த்ததும், "நீ துடைக்கலயா, சீதா?" என்று கேட்டுவிட்டார்.

இனி மறைக்க வழியில்லை. சீதா மெல்ல எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா தட்டைப் பார்த்தார். பிறகு சபாபதியை அருகில் இழுத்துக்கொண்டார்.

"இதையா என் புள்ள மூச்சுல இழுக்குது?" என்றார். "நான்தான் எல்லாத்தையும் கெடுத்துட்டேன், மிஸ்."

அக்கா சட்டென்று நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். "ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறாமத் துடைச்சீங்களாக்கா?"

"வெள்ளிக்கிழமை வீடு கழுவாம இருப்பேனா?"

அக்காவின் முகம் மலர்ந்தது. "அப்ப நீங்க கெடுக்கல. அந்த மூணு தட்டுலயும் இருந்தது வெள்ளிக்கு அப்புறம் ஒட்டுன ஒரே ஒரு நாள் கரி. இது ஏழு நாள் கரி. அதை ஏழால பெருக்குனா இது வரணும்."

ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தார். ஏறக்குறைய அப்படியே வந்தது. கணக்கைப் பார்த்த ஆலைக்காரர்களால் மறுக்க முடியவில்லை. தீபாவளிக்குள் பாதிக் குலைகள் லோரியேறி அக்காவிடம் போயின. புகை குறைந்தது, தம்பியின் இழுப்பும் குறைந்தது.

ஒரு சனிக்கிழமை அக்கா குலை நாரில் செய்த வழவழப்பான பழுப்புப் பலகை ஒன்றைக் கொண்டுவந்தார். சபாபதி மடியில் வைத்து எழுதுவதற்கு.

"இதை எவ்வளவு வேணும்னாலும் துடைக்கலாம்க்கா," என்றார் அம்மாவிடம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா அதை இரண்டு தரம் துடைத்தார். அதுவரை சாமிப் படங்கள் தங்கள் முறைக்காகப் பொறுமையாகக் காத்திருந்தன.