வரிசையில் கடைசி ஆள்

காலைக் காட்சிக்கு அவள் வந்தபோது தியேட்டர் வாசலில் ஈ காக்காய்கூட இல்லை. மேலாளர் போஸ்டரைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஷோவோட படத்தத் தூக்கறோம்மா. ஆளே வரல."

"இன்னும் ஒரே நாள் ஓட்டுங்கண்ணா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"பாக்க யாரும்மா இருக்கா?"

இருக்கிறார்கள் என்று சொன்னால் பைத்தியம் என்பார். உள்ளே போனாள்.

படம் அவள் கணவன் எடுத்தது. ஒரு நாடே திவாலாகும் கதை. எடுத்தவன் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். மூடிக் கிடந்த வங்கி ஒன்றில் படப்பிடிப்பு. பணம் கேட்டு ஜனங்கள் கவுன்ட்டர் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். வருகிறோம் என்ற சொந்தக்காரர்கள் கம்பி நீட்டிவிட்டார்கள். ஆனால் முன்பின் தெரியாத சிலர் தாமாகவே வந்து நின்றார்கள்.

"ஓசியில கூட்டம் கிடைச்சிருக்கு, மூச்சு விடாதே," என்று அவள் காதைக் கடித்துவிட்டு, கடைசி ஆளாக அவனும் போய் நின்றுகொண்டான். கேமரா ஓடும்போதே மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். எழவேயில்லை. அந்த ஆட்களையும் பிறகு யாரும் பார்க்கவில்லை. மிச்சப் படத்தை நண்பர்கள் முடித்தார்கள்.

படம் வெளியான அன்று, முதல் காட்சியில், திரையில் அவன் வரிசையின் கடைசியில் நின்றான். அடுத்த காட்சிக்கு அவள் மறுபடி வந்தபோது, திரையில் கவுன்ட்டரருகே நின்ற பெண்ணைக் காணோம். எல்லோரும் ஓரடி நகர்ந்திருந்தார்கள்.

அவனும்தான்.

ஒவ்வொரு காட்சியிலும் இதே கதை. படம் முடிகிற நேரத்தில், காலி அரங்கில் இன்னொரு நாற்காலி கிறீச்சிடும். பூட்டிய அறையின் புழுக்க வாடை வரும். கவுன்ட்டரை எட்டியவர்கள் திரையைவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. பயந்துதான் போனாள். ஆனாலும் அவன் வந்தால் போதும் என்றிருந்தது.

இன்று வரிசையில் இரண்டே பேர். கவுன்ட்டரில் ஒரு பருத்த மனிதர். அவருக்குப் பின்னால் அவன்.

படம் முடிந்து திரை இருண்டது.

"இன்னொரு தடவ போடுங்கண்ணா! கால்ல வேணா விழறேன்!"

"மெஷின அணைச்சாச்சும்மா. வெளிய வாங்க," வாசலிலிருந்து மேலாளர் கத்தினார்.

அவள் அசையவில்லை.

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது.

ஒரு கை அவள் கையைத் தேடிப் பிடித்தது. அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"வந்துட்டீங்களா?"

அவள் அந்த விரல்களைத் தடவிப் பார்த்தாள். அவன் விரல்கள் மெலிந்தவை. இவை தடித்து, சில்லிட்டுக் கிடந்தன.

அவள் கையை உருவப் பார்த்தாள். பிடி இறுகியது. காதோரம் ஒரு குரல் கெஞ்சியது.

"அடுத்தது அவருதாம்மா. படத்தப் போடச் சொல்லுங்க."