கேப்டன் எஸ்தர்

ஆளே இல்லாத கப்பலிலிருந்து யாரோ இருமினார்கள்.

எஸ்தர் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இன்ஜினின் ஓயாத முனகல், காற்றில் கம்பிகள் அதிரும் ஓசை, அதற்கு நடுவே மறுபடியும் அதே சத்தம். நெஞ்சில் தண்ணீர் கட்டியவர் இருமுகிற மாதிரி, ஈரமாக. டெக் கேமராவில் கன்டெய்னர்களும் அவற்றின் நிழலும்தான் தெரிந்தன.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில், ஒரு பட்டுக்கடைக்கு மேல் மாடியில், ஜன்னலே இல்லாத அறை. தானாக ஓடும் அந்தச் சரக்குக் கப்பலை அங்கே உட்கார்ந்தபடி கண்காணிப்பதுதான் அவள் வேலை.

முந்தாநாள் மதியம் இதே நேரத்தில், கவிழ்ந்த படகைப் பிடித்துத் தொங்கிய நான்கு மீனவர்களைக் கேமரா காட்டியது. கப்பலை நிறுத்தும், கைரேகை பதியும் மீட்புப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டே கம்பெனி வக்கீல் பாலாஜிக்குப் போன் செய்தாள்.

“அமுக்காதம்மா. கடல்ல தவிக்கிறவனைக் காப்பாத்தணும்னு சட்டம் கேப்டனுக்குத்தான் சொல்லுது. நம்ம கப்பல்ல கேப்டனே கிடையாது. நீ அமுக்குனா நீதான் கேப்டன். எவனாச்சும் செத்தா கேஸ் உன் மேலதான் வரும்.”

விரலை எடுத்துவிட்டாள். கப்பல் நிற்காமல் போனது. அவர்கள் கத்தியது மட்டும் ஹெட்போனில் வெகுநேரம் கேட்டது.

இப்போது திரையில் ஒரு வரி வந்தது. ‘மீட்புப் பணி நடக்கிறது. கேப்டன்: எஸ்தர்.’

ஓடிப்போய்க் கதவை இழுத்தாள். திறக்கவில்லை. மீட்பு முடியும்வரை பொறுப்பாளர் வெளியே போகாதபடி அது தானே பூட்டிக்கொள்ளும், அப்படித்தான் அமைத்திருந்தார்கள். இரண்டு கையாலும் தட்டினாள். கீழே கடையில் யாரோ சிரித்துக்கொண்டே புடவை விரிக்கச் சொன்னார்கள்.

பாலாஜிக்குப் போன் போட்டாள். “சார், கதவு பூட்டிக்கினு இருக்குது. நான் எதையும் அமுக்கலை சார்!”

“ரெகார்டுல உன் கைரேகை இருக்குதேம்மா.” பாலாஜி குரலைத் தாழ்த்தினார். “கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீயே பாத்துக்கோ.”

லைன் அறுந்தது.

‘மீட்கப்பட்டவர்கள்: 4.’

ஏசி காற்றில் உப்பு வாடை. அதற்கடியில் அழுகல். கீழே கடைச் சத்தம் அப்படியே நின்றுபோனது.

‘ஏணி இறக்கப்படுகிறது.’

டெக் கேமராவைப் பார்த்தாள். அங்கே ஏணி எதுவும் இல்லை.

தலைக்கு மேல் ஃபால்ஸ் சீலிங் பலகை ஒன்று நகர்ந்தது. இருட்டு. அதிலிருந்து நனைந்த கயிற்றேணி ஒன்று அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் இறங்கியது. தரையில் தண்ணீர் சொட்டியது. கயிறு கனம் தாங்காமல் முறுகியது.

மேல்படியில் ஒரு கால். வெளுத்து ஊதிய விரல்கள். இடுக்கெல்லாம் பாசி.

இன்னொரு கால்.

அவசரமே இல்லாமல், அடுத்த படிக்கு.