ஒரு கைப்பிடித் தவிடு

டப்பாவுக்குள் இருந்த தவிடு சூடாக இருந்தது.

வீரமணி விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். மில்லிலிருந்து அப்போதுதான் இறக்கின மாதிரி சூடு, அதே இனிப்பு கலந்த புழுங்கின வாசனை. வெள்ளிமலை சாலையில் பைக்கை நிறுத்திவிட்டு, கடுக்காய் மரங்களுக்கு நடுவே சறுக்கி ஏறி, பாறையிடுக்கில் கையை விட்டு எடுத்த துருப்பிடித்த தகர டப்பா. வெயிலே படாத இடம், பாறை சில்லென்று ஈரம் கசிந்துகொண்டிருந்தது. இந்த டப்பாவைக் கடைசியாக ஒருவர் திறந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று போனில் போட்டிருந்தது.

"இன்னாப்பா இருக்குது? பொம்மையா?" மகள் தனுஷா எட்டிப் பார்த்தாள்.

ஜியோகேஷிங் என்று இந்த விளையாட்டுக்குப் பெயர். யாரோ எங்கேயோ ஒரு டப்பாவை ஒளித்து வைப்பார்கள், போனில் அம்புக்குறி வழி காட்டும். கண்டுபிடித்தவர் உள்ளே இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொண்டு பதிலுக்கு ஒன்றை வைத்துவிட்டு வர வேண்டும். கள்ளக்குறிச்சியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் வீரமணிக்கு இதுதான் முதல் தடவை. லீவு விட்டதிலிருந்து பிள்ளை டிவியே கதி என்று கிடக்கிறாளே என மனைவி தேவிப்ரியா கத்தியதில், மகளை பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்துக் கிளம்பி வந்துவிட்டான். பதிலுக்கு வைக்க, பட்டாம்பூச்சி கிளிப் ஒன்றைக் காலையிலிருந்து கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள் அவள்.

"தவிடுடி."

"அய்ய! அப்பன்னா கிளிப்ப நான் தரமாட்டேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் தினமும் நடக்கிற கேலிதான். அவள் அடம்பிடித்தால் போதும், உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம், திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்பான். அவள் மூக்கு விடைக்க அடிக்க வருவாள். எந்த வீட்டில்தான் பிள்ளையை இப்படிச் சீண்டாமல் வளர்க்கிறார்கள்? ஆனால் இவள் விஷயத்தில் அது வெறும் கேலியும் இல்லை. முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இவளும் பிறந்த வாரமே நீலம் பாரித்துக் கிடந்தபோது, தேவிப்ரியா அழுதுகொண்டே குழந்தையை முறத்தில் கிடத்தி அடுத்த வீட்டுச் செல்லியம்மாள் கையில் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிடு அளந்து போட்டுத் திரும்ப வாங்கினாள். விலைக்கு வாங்கின பிள்ளையை எமன் தேடி வரமாட்டானாம். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அவர்கள் இரண்டு பேருக்கும் அதற்குப் பிறகு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"பாத்தியா? உன்ன வாங்குன தவிடு இதான்," என்றான்.

"போப்பா, பொய்யி."

"நெசமாடி. நீ இங்கியே இரு. நான் தவிட்ட எடுத்துக்கினு வூட்டுக்குப் போறேன்."

ஒரு கைப்பிடி அள்ளினான். கடையில் பேரம் பேசுகிற குரலில் பாறையைப் பார்த்து, "பொண்ண நீங்களே வெச்சிக்குங்க, தவிடு நான் எடுத்துக்கினேன்," என்று சொல்லி, அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி திரும்பி நடந்தான்.

அதுவரை காதடைக்கக் கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகள் ஒன்றுபோல நின்றன.

பின்னால் சருகு நொறுங்க ஓடி வருகிற சத்தம். ஒரு சின்னக் கை அவன் கைக்குள் நுழைந்துகொண்டது. அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை. "பயந்துட்டியா? சும்மா வெளையாட்டுக்குடி," என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அந்தக் கை சூடாக இருந்தது, காய்ச்சல் வருகிறதோ என்று கவலையாகிவிட்டது.

"அப்பா!"

பின்னாலிருந்து. பாறைப் பக்கமிருந்து.

திரும்பிப் பார்த்தான். பாறை. அதன்மேல் இறங்கத் தொடங்கியிருந்த மூடுபனி. வேறு ஒன்றுமில்லை. மகளின் கை இதோ அவன் கைக்குள் இருக்கிறது, அவள் உச்சந்தலை இதோ அவன் இடுப்போரம். மலையில் குரல் எதிரொலிக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவள் வாயே திறக்கவில்லை என்பது சாலைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

"கிளிப்பு எங்கடி?"

அவள் கை இரண்டும் காலியாக இருந்தன. எங்கேயோ போட்டுவிட்டாள் போல. அவளைத் தூக்கி டேங்க் மேல் வைத்து வண்டியைக் கிளப்பினான். சீக்கிரம் கீழே இறங்கிவிட வேண்டும். கச்சிராயபாளையம் போனதும் ஒரு டீ. அவளுக்குச் சூடாகப் பால். எல்லாம் சரியாகிவிடும்.

முதல் கொண்டை ஊசி வளைவில் கண்ணில் தூசி விழுந்தது. அடுத்ததில் இன்னும் ஜாஸ்தி. உதட்டில், மூக்கில், பல்லிடுக்கில் நறநறவென்று ஏதோ. வழியில் லாரி இல்லை, பஸ் இல்லை. காற்று மட்டும்தான், எதிரே இருந்து, அவளைக் கடந்து அவன்மேல் வீசுகிற காற்று. நாக்கில் ஒட்டியதைச் சுவைத்தான். இனிப்பு. புழுங்கின வாசனை.

"தனு?"

அவன் மார்பில் சாய்ந்திருந்த பாரம் குறைந்துகொண்டே வந்தது.

"தனும்மா. பேசுடி. எதுனா பேசு."

அவள் கவுன் காற்றில் படபடத்தது. ஆள் உடுத்தியிருக்கிற துணி அப்படிப் படபடக்காது.

குனிந்து பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. பிரேக்கை அழுத்தினான். வண்டி சரிந்தது. மடியிலிருந்து பழுப்பாகச் சரசரவென்று கொட்டியது தாரில், டயர்மேல், அவன் செருப்பின்மேல்.

வெறும் கவுன். அதற்குள் இன்னும் சூடு ஆறாத தவிடு.

அப்போதுதான் புரிந்தது. கைக்குள் இருந்ததை நம்பி, கூப்பிட்ட குரலை விட்டுவிட்டு வந்திருக்கிறான். அன்றைக்கு அவளை வாங்கினது செல்லும் என்றால், இன்றைக்கு விற்றதும் செல்லும்.

மேலே மலை தெரியவில்லை. மூடுபனிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. அவளுடைய குரல். அழுது அழுது கம்மிப்போன குரல்.

"அப்பா! கிளிப்ப வெச்சிட்டேன்ப்பா! வந்து கூட்டிக்கினு போப்பா!"

திருப்பிக் கொடுக்க வேண்டும். மொத்தமும். சட்டைப்பையில் கையை விட்டுத் துழாவினான், தையல்தான் தட்டுப்பட்டது. முழங்காலில் விழுந்தான். அள்ளினான். இரண்டு கையாலும். கல்லோடு, மண்ணோடு கவுனுக்குள் போட்டான். நகம் பிய்ந்தது. காற்று அடித்தது. மறுபடி அள்ளினான். வளைவுக்கு வளைவு, மேலே கண்ணுக்கெட்டிய தூரம் வரை, சாலை நெடுகப் பழுப்பாகக் கோடு இழுத்திருந்தது.

காற்று அதைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தது.

"வெளையாட்டுக்குத்தானேப்பா சொன்ன?"