நீங்க போங்க சிஸ்டர்

ஓவியக் காட்சிக்கூடத்துக்கு இழுத்து வந்தது வாயாடிதான். ஆந்தைக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. இருபத்தோரு ராத்திரி விடாமல் டியூட்டி பார்த்தவளுக்கு ஓவியம் ஒரு கேடா? ஆனால் வீட்டிலும் படுக்க முடியாது. பக்கவாதம் வந்த மாமியார் கட்டிலோடு கிடக்கிறாள். அங்கே போனாலும் அதே வேலைதான்.

இரண்டு பேரும் ஒரே வார்டில் பதினாறு வருடமாக நர்ஸ்கள். ஒருத்தி பேசியே நோயாளிகளை எழுப்பி உட்கார வைப்பாள். மற்றவள் ராத்திரி டியூட்டியே கதி என்று கிடந்து ஆந்தை என்ற பட்டப்பேரை வாங்கிக்கொண்டவள். இன்றைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், யார் நாடியையும் பிடிக்காமல், யார் கூப்பிட்டாலும் திரும்பாமல் இருக்க வேண்டும். ஆந்தைக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"படம் பாக்கறியோ இல்லையோ, அங்க பெஞ்சு இருக்குடி. ஏசி இருக்கு. 'சிஸ்டர்'னு யாரும் கூப்பிட மாட்டாங்க. போதுமா?"

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

காலை பதினொரு மணிக்குக் கூடத்தில் ஈ காக்கை இல்லை. மாடியில் மூன்றாவது அறை. நடுவில் ஒரு இரும்பு பெஞ்சு, எதிரே ஆளுயரத்துக்கு ஒரே ஒரு படம்.

"இங்கயே உக்காரு. நான் பக்கத்து ரூமெல்லாம் ஒரு சுத்து சுத்திட்டு வரேன்" என்று வாயாடி போய்விட்டாள்.

படத்தில் ஒரு காய்ச்சல்காரி கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஒரு கை மட்டும் பின்னால் நீண்டு கட்டில் ஓரத்தில் கிடந்தது. பக்கத்து நாற்காலியில் அந்தக் காலத்து வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ், அந்தக் கையின் நாடியில் இரண்டு விரலை வைத்தபடி. கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஒரு தோள் சரிந்திருந்தது. வீங்கிய குதிகாலைச் செருப்பிலிருந்து பாதி வெளியே எடுத்து வைத்திருந்தாள். வரைந்த பாவி அதைக்கூட விடவில்லை.

ஆந்தைக்கு நெஞ்சு உருகிப் போயிற்று.

வார்டில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த டியூட்டிக்காரி வந்து ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் எந்த நர்ஸும் நோயாளியை விட்டு எழுந்திருக்க மாட்டாள். வீடு தீப்பிடித்தாலும் சரி. சொல்லிவிட்டால், அந்த நொடியிலிருந்து நோயாளி சொன்னவளின் பொறுப்பு. ஆயிரம் தடவை சொன்ன அந்த வாக்கியம், தூக்கக் கலக்கத்தில் இப்போதும் வாயில் வந்துவிட்டது.

"நீங்க போங்க சிஸ்டர். நான் பாத்துக்கறேன்."

தனக்குத்தானே சிரித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

நாற்காலி கிறீச்சிட்டது.

மரநாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம். அறையில் மரநாற்காலியே கிடையாது.

ஆந்தைக்கு இமை பிரிய மறுத்தது. கற்பூரமும் வியர்வையும் கலந்த நெடி, பல நாள் ஜன்னல் திறக்காத அறையின் நெடி, கிட்டே வந்தது. காதோரம் ஒரு மூச்சு.

"பத்தாம் நாள் காய்ச்சல். வாய் நனையத் தண்ணி மட்டும். நாடியை விட்டுடாதீங்க சிஸ்டர். விட்டா நின்னுடும்."

டியூட்டி மாற்றும்போது சொல்கிற அதே வரிசை, அதே அவசரம். பிறகு ஒரு நீளமான கொட்டாவி. செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் படியிறங்கியது. ஓடுவதற்குக்கூடத் தெம்பில்லாத நடை அது.

ஆந்தை கண்ணைத் திறந்தாள்.

நாற்காலி காலி.

பிடிக்க ஆளில்லாமல் அந்தக் கை மட்டும் நீண்டு கிடந்தது.

சுவரைப் பார்த்திருந்த முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் எடுத்திருப்பார்கள் ஓட்டம். ஆனால் பாழாய்ப்போன பழக்கம், பெஞ்சை விட்டு எழுந்து படத்துக்குக் கிட்டே போய்விட்டாள். நீட்டின கையைக் கண்டால் அவள் விரல் தானாகப் போகும். போயிற்று. சாயம் ஏறிய துணிதான் விரலில் பட்டது.

துணி கொதித்தது.

துடித்தது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு ஓடினாள். பக்கத்து அறையில் நின்ற வாயாடியைத் தரதரவென்று இழுத்து, படியிறங்கி, வெயிலுக்கு வந்து, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்த பிறகுதான் விரலைப் பார்த்தாள்.

துடிப்பு நிற்கவில்லை.

இடது கையால் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே ஓடியது வேறு கணக்கு. வலது கையின் இரண்டு விரல் நுனியில் மட்டும் மெலிசாக, வேகமாக, யாருடையதோ. உதறினாள். புடவையில் தேய்த்தாள். ஆத்திரத்தில் விரல்களை இறுக்கி மடக்கினாள்.

துடிப்பு தடுமாறியது. ஒன்று. பிறகு ஒன்றுமில்லை. பிறகும் ஒன்றுமில்லை.

பதறிப்போய் விரித்தாள். திரும்பி வந்தது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றாள் வாயாடி.

ஆந்தை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. "முடியலடி. ஒரு நாள்கூட எனக்குன்னு கிடையாதா?"

வாயாடி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "தூக்கம் கெட்டா மூளை இப்படித்தான் விளையாடும். எல்லாத்தையும் என்கிட்ட விடு. வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கு. மாமியாரா, வார்டா, அந்தப் படத்துக்காரியா, யாரா இருந்தா என்ன? நீ போ, நான் பாத்—"

இன்னும் அரை வார்த்தை. ஆந்தைக்கு ஆசை வந்தது. மறைப்பானேன், கொள்ளை ஆசை வந்தது. தூங்கலாம். கை மடக்கித் தலைக்கு வைத்துத் தூங்கலாம்.

சட்டென்று வலது கையால் வாயாடியின் வாயைப் பொத்தினாள்.

பஸ் ஒன்று வந்து நின்று போயிற்று. வாயாடி கையை விலக்கவில்லை. அவள் கண் மெல்ல விரிந்தது. ஆந்தையின் விரல்களுக்கு அடியில் உதடு மட்டும் அசைந்தது.

"யாருடி அது? உன் விரல்ல யாருக்கோ துடிக்குது."

"என் பேஷன்ட்" என்றாள் ஆந்தை. "சத்தம் போடாத. இப்பதான் கண்ணை மூடியிருக்கா."