தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பச்சை நாற்காலி

"ஹலோ! நில்லுங்க... அது என் நாற்காலி!"

கொட்டும் மழையில் துன்யா ஓடினாள். முன்னால் போனவன் அந்தப் பச்சை நாற்காலியைத் தலையில் கவிழ்த்து, அதையே குடையாக்கிக்கொண்டு நடந்தான். திரும்பினான். தேன் நிறக் கண்கள்... இமையில் மழைத்துளி. ஐயோ, இப்படிக் கண்களை வைத்துக்கொண்டு ஒருவன் திருடலாமா!

"குப்பைத்தொட்டிக்குப் பக்கத்துல இருந்துச்சே மேடம்?"

"வீடு மாறி வந்திருக்கேன். சாவியைத் தேட ஒரு நிமிஷம் கீழே வச்சேன்!"

"பெல்கிரேட்லதானே பொறந்தீங்க? உள்ளே போட்டா குப்பை. பக்கத்துல வச்சா, யாருக்கு வேணுமோ அவங்களுக்கு. இதுகூடத் தெரியாதா?"

தெரியாமல் என்ன? நல்ல துணியைத் துவைத்து மடித்துப் பையில் போட்டுத் தொட்டியின் கைப்பிடியில் மாட்டுவாள் அவள் அம்மா. பழைய ரேடியோ என்றால் 'வேலை செய்கிறது' என்று சீட்டும் ஒட்டுவாள். தப்பு தன் பக்கம் என்று புரிந்ததும் துன்யாவின் வாய்க்கு வேகம் வந்துவிட்டது.

"தொட்டியில பொறுக்கறவனுக்குப் பேச்சைப் பாரு!"

அந்தக் கண்கள் சட்டென்று வாடின. நாற்காலியை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, மழையில் நனைந்தபடியே போய்விட்டான்.

"அடிப்பாவி, நம்ம தெரு லாஸாரையா அப்படிச் சொன்னே?" மேல்மாடி ஸ்லாவ்கா அத்தை காப்பி ஆறுவதற்குள் திட்டித் தீர்த்தாள். "என் இஸ்திரிப்பெட்டி ரிப்பேர்னு கீழே வச்சேன். எடுத்துச் சரிபண்ணி, சீட்டு ஒட்டித் திரும்ப அங்கேயே வச்சான் பிள்ளை. இப்ப யார் வீட்டுலயோ ஓடுது!"

துன்யா காப்பியைத் தள்ளி வைத்தாள். மன்னிப்புக் கேட்கலாம்தான்... ஆனால் எதிரே வந்தால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறானே! சரி, அவன் வழியிலேயே கேட்போம் என்று ஒரு நாள் மேஜை விளக்கு, இன்னொரு நாள் பிளம் ஜாம்... தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஜன்னல் திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லாஸார் பார்த்தான். எடுக்கவில்லை. விளக்கு யார் வீட்டுக்கோ போயிற்று. ஜாமை ஸ்லாவ்கா அத்தையே கொண்டுபோய்விட்டாள்!

வீம்புக்கும் ஓர் அளவு வேண்டாமா? அவனுக்குத்தான் இல்லை. தனக்காவது இருக்கட்டும்... மறுபடி மழை தூறிய சனிக்கிழமை காலை, துன்யா பச்சை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். தொட்டிக்குப் பக்கத்தில் போட்டாள். அதில் தானே உட்கார்ந்துகொண்டாள்.

ரொட்டியும் கையுமாக வந்த லாஸார் நின்றான்.

"என்ன இது?"

"பக்கத்துல வச்சா, யாருக்கு வேணுமோ அவங்களுக்கு. பெல்கிரேட்லதானே பொறந்தீங்க?"

அவன் உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறான்... கள்ளன்!

"சீட்டு ஒட்டலையே? வேலை செய்யுமா?"

"வாய் தேவைக்கு மேலேயே வேலை செய்யும். அன்னிக்கு அதுதான் உங்களைச் சுட்டுச்சு... மன்னிச்சிடுங்க. மனசுதான்... நீங்க திரும்பிப் பார்த்த நிமிஷத்துலேர்ந்து சரியா ஓட மாட்டேங்குது, லாஸார்."

"சரி பண்ணிடலாம். ஆனா ஒண்ணு..." அவன் குனிந்தான். "சரி பண்ணினதையெல்லாம் திரும்ப வெளியே வச்சிடுவேன். இதை மட்டும் வைக்க மாட்டேன்."

"எடுத்துட்டுப் போயேன்டா, நனையுது!" மேல்மாடியிலிருந்து ஸ்லாவ்கா அத்தை கத்தினாள்.

லாஸார் நாற்காலியைத் தூக்கித் தலைக்கு மேல் கவிழ்த்தான். இந்த முறை அதற்குக் கீழே இரண்டு பேர் நடந்தார்கள்.