பதினாலாம் நம்பர் கட்டில்

போன் அலறியது.

காலை பத்து இருபது. கீழ்வேளூரை ஒட்டிய ஒரு கிராமம். அப்பா வீரையன் சம்பா நடவுக்குப் போயிருந்தார். வீட்டில் எழில்மொழி மட்டும்தான். பி.எஸ்சி. கடைசி வருடம். மறுநாள் பரீட்சை. மடியில் புத்தகம்.

திரையில் விநோதமான நம்பர். +95 என்று ஆரம்பித்தது.

எடுத்தாள்.

"ஹலோ..."

மூச்சு வாங்கும் சத்தம். பிறகு ஒரு கிசுகிசுப்பு. சுத்தமான டெல்டா தமிழ்!

"இளம்பரிதி வீடுங்களா?"

"ஆமா. நான் அவரு தங்கச்சி. நீங்க யாரு?"

"உங்க அண்ணன் எங்க?"

"பாங்காக் போறாரு. டேட்டா என்ட்ரி வேலை. ரெண்டு மணிக்கு திருச்சியில ஃப்ளைட்டு..."

"ஏற விடாதீங்க!"

எழில்மொழியின் மடியிலிருந்த புத்தகம் கீழே விழுந்தது.

"என்ன... என்ன சொல்றீங்க?"

"பாங்காக்ல இறக்கி, கார்ல ஏத்தி, பார்டரைத் தாண்டி பக்கத்து நாட்டுக்கு, இங்க கொண்டாந்துடுவாங்க. முள்வேலி போட்ட முகாம். இருநூறு பேரு இருக்கோம். கம்ப்யூட்டர்ல உக்காந்து ஊரை ஏமாத்தணும். மாட்டேன்னா கரண்டு வைக்கிறாங்க..."

"ஐயோ!"

"நாளைக்கு வர்ற ஆளுங்க லிஸ்ட்டு சுவத்துல ஒட்டியிருக்கு. உங்க அண்ணனுக்கு பதினாலாம் நம்பர் கட்டில். ஃபைல்ல அவசரத்துக்குன்னு உங்க நம்பரைக் குடுத்திருந்தாரு. இது காவக்காரன் போன். திருடிப் பேசுறேன்..."

"உங்க பேரு என்னங்க?"

"ராஜராஜன். கேளுங்க, இங்க ஆள் அனுப்புறது யாருன்னா..."

பூட்ஸ் சத்தம்!

தொடர்பு அறுந்தது.

எழில்மொழி அண்ணனுக்குப் போட்டாள். ஸ்விட்ச்டு ஆஃப். மறுபடி போட்டாள். மறுபடி. ஒன்பது முறை! விடியற்காலை ஆறு மணிக்கு ஏஜென்சி கார் வந்து அவனையும் இன்னும் மூன்று பையன்களையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

யாரிடம் சொல்வது?

சட்டென்று ஒரு முகம் ஞாபகம் வந்தது.

சூர்யபிரகாஷ்!

போன மாதம் கல்லூரியில் விழிப்புணர்வு வகுப்பு எடுத்தவன். இதே மாதிரி ஒரு முகாமில் எட்டு மாதம் கிடந்து, சுவர் ஏறிக் குதித்துத் தப்பி வந்தவன். முதுகுத் தழும்புகளைக் காட்டியபோது கடைசி பெஞ்சு பையன்கள்கூட கண்ணைத் துடைத்தார்கள். அண்ணனுக்கு வேலைக் கடிதம் வந்ததும் எழில்மொழி அதை அவனுக்குத்தான் அனுப்பிக் கேட்டாள். 'நல்ல கம்பெனிம்மா. தைரியமா அனுப்பு' என்று பதில் போட்டிருந்தான்.

அழுதுகொண்டே போன் போட்டாள். முள்வேலி முகாம், பதினாலாம் நம்பர் கட்டில் என்று திக்கித் திணறிச் சொன்னாள்.

"கடவுளே!" என்றான் சூர்யபிரகாஷ். "லெட்டர் ஒரிஜினல் மாதிரியே இருந்துச்சேம்மா! நானே ஏமாந்துட்டேனே... நீ வீட்டுலயே இரு. திருவாரூர்லதான் இருக்கேன். கார் எடுத்துட்டு வரேன்."

"போலீஸ் ஸ்டேஷன் போகட்டுமாண்ணா?"

"போகலாம். விசாரிக்கிறோம்னு சாயங்காலம் வரைக்கும் உக்கார வெப்பாங்க. ஃப்ளைட் போயிடும். ஏர்போர்ட்ல எனக்கு ஆள் இருக்கு. நாம நேரா போயிடலாம். வீட்டுல யார்கிட்டயாவது சொன்னியா?"

"அப்பா வயல்ல இருக்காரு. போன் எடுத்துட்டுப் போகல."

"நல்லதாப் போச்சு. பெரியவரு பயந்துடுவாரு. யார்கிட்டயும் சொல்லாத."

இருபதே நிமிடம்! வெள்ளை நிறக் கார் வாசலில் வந்து நின்றது.

"சீக்கிரம் ஏறும்மா! யோசிக்க நேரமில்ல!"

ஏறினாள்.

கார் பறந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல்கள் சரசரவென்று பின்னால் ஓடின.

"போனைக் குடு எழிலு. அந்த நம்பரை என் ஆளுக்கு அனுப்பணும்."

கொடுத்தாள். ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி தன் போனிலிருந்து எதையோ அனுப்பினான். பிறகு அவள் போனை அணைத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

திருவாரூர் வந்தது. போனது. வழிகாட்டிப் பலகையில் தஞ்சாவூர் ஒரு பக்கம் இருந்தது. கார் இன்னொரு பக்கம் திரும்பியது.

"அண்ணா... இது திருத்துறைப்பூண்டி ரோடு."

"நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல மாட்டினா முக்கால் மணி நேரம் போயிடும். சுத்திப் போறோம்."

நம்பும்படிதான் இருந்தது.

"என் போனைக் குடுங்கண்ணா. அண்ணனுக்கு இன்னொரு தடவை போட்டுப் பார்க்கறேன்."

"அப்புறம்."

அந்த ஒற்றை வார்த்தையில் எழில்மொழி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

கல்லூரி அரங்கம். மைக்கைப் பிடித்தபடி இவனேதான் சொன்னான்... 'மூணு விஷயம் ஞாபகம் வெச்சுக்கங்க. ஒருத்தன் யோசிக்க விடாம அவசரப்படுத்துவான். யார்கிட்டயும் சொல்லாதேம்பான். போனையோ பாஸ்போர்ட்டையோ வாங்கி வெச்சுக்குவான். இது மூணும் இருந்தா, அவன் உங்க சொந்த சித்தப்பாவா இருந்தாலும் ஓடிடுங்க!'

யோசிக்க நேரமில்ல. யார்கிட்டயும் சொல்லாத. போனைக் குடு.

மூணும்!

எழில்மொழியின் கை மெதுவாகக் கதவுப்பிடியைத் தேடியது. இழுத்தாள்.

லாக்!

"திறக்காது," என்றான் சூர்யபிரகாஷ், ரோட்டைப் பார்த்தபடி. "என் வகுப்பை ஒழுங்கா கவனிச்சிருக்கே."

அவள் கதவுப்பிடியை விட்டாள்.

"என்னை... என்னை என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். ரெண்டு மணி வரைக்கும் என்கூட இரு. ஃப்ளைட் கிளம்பட்டும். அதுக்கப்புறம் கொண்டுபோய் வீட்டுல விட்டுடறேன். அதுக்குள்ள கத்தினா..."

முடிக்கவில்லை. ஸ்பீடாமீட்டர் முள் நூறைத் தாண்டியது.

"எங்க அண்ணன் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்புறம் ஏன் இப்படி?"

சூர்யபிரகாஷ் சிரித்தான். சிரிப்பு மாதிரி இல்லை.

"சுவர் ஏறிக் குதிச்சேன்னு சொன்னேன்ல? பொய். அங்க சுவர் இருபது அடி. மேல கரண்டு. அவனுங்கதான் என்னை வெளிய விட்டானுங்க. நானும் தம்பியும் ஒண்ணாத்தான் போனோம். அவனைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, இருபது பேரை அனுப்பு, தம்பியை விடறோம்னானுங்க. எங்க போய்ப் பிடிக்கிறது? காலேஜ் காலேஜா போய்ப் பேசினேன். ஏஜென்ட்டை எவனும் நம்ப மாட்டான். தப்பிச்சு வந்தவனை எல்லாரும் நம்புறாங்க. வேலை தேடுற பசங்க தானா என்கிட்டதான் வர்றாங்க."

எழில்மொழி கதவோரமாக ஒதுங்கினாள்.

"இதுவரைக்கும் பதினாறு பேரு," என்றான். "இன்னிக்கு நாலு. கணக்கு முடிஞ்சுது. என் தம்பி வந்துடுவான்."

டிங்!

டாஷ்போர்டில் கிடந்த அவன் போனில் செய்தி. எடுத்துப் பார்த்தான். வேண்டுமென்றே அவளுக்கும் கேட்கும்படி சொன்னான்.

"உனக்குப் போன் பண்ணானே ஒருத்தன்... அந்த நம்பர் எந்தக் காவக்காரனோடதுன்னு பார்த்து, எவன் எடுத்தான்னு கண்டுபிடிச்சுட்டானுங்க. இப்போ ட்ரீட்மென்ட் நடக்குதாம். ரெண்டு கையையும் உடைக்கப் போறானுங்க. பார்த்தியா? ஊருக்கு உபகாரம் பண்றவன் கதி இதுதான். வாயை மூடிக்கிட்டு உக்காரு."

எழில்மொழி உடைந்து போனாள். முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"முகம் தெரியாத எங்களுக்காக... பாவம் அந்த ராஜராஜன்..."

க்ரீச்ச்ச்!

கார் பாம்பு மாதிரி நெளிந்தது. ரோட்டோர மண்ணில் சறுக்கியது. வரப்பை உடைத்து, நாற்றைச் சிதறடித்து, முழங்கால் சேற்றில் மூக்கைச் செருகி நின்றது. நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள்.

எழில்மொழியின் நெற்றியில் ரத்தம்.

சூர்யபிரகாஷ் அவள் பக்கம் திரும்பினான்.

"என்ன... என்ன பேரு சொன்ன?"

"ராஜராஜன்."

"பொய்! பொய் சொல்ற!"

"அவருதான் சொன்னாரு. பேசறது நம்ம ஊர்ப் பேச்சு..."

போனை எடுத்தான். யாரையோ அழைத்தான். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தான். எடுக்கவில்லை.

"தம்பி..." என்றான். "என் தம்பி. நானே... நானே காட்டிக் குடுத்துட்டேனே!"

ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொண்டான். ஒரு தடவை. இரண்டு தடவை.

எழில்மொழி நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போலீஸுக்குப் போடுங்க."

"போட்டா அவனைக் கொன்னுடுவானுங்க எழிலு!"

"போடலைன்னா விட்டுடுவானுங்களா? பதினாறு பேரை அனுப்பினீங்களே, ஒருத்தரையாவது விட்டானுங்களா? இருபது முடிஞ்சா நாப்பதும்பானுங்க. உங்களுக்கே தெரியும்!"

அவன் மறுபடி போனைப் பார்த்தான்.

"அவரு ஏன் உயிரைப் பணயம் வெச்சு பேசினாரு? யார் அனுப்புறதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களை நிறுத்தத்தான் பேசினாரு!"

வயலில் காற்று அடித்தது. தூரத்தில் நடவுப் பெண்கள் கூட்டமாக நின்று காரையே பார்த்தார்கள்.

பன்னிரண்டு பத்து.

பன்னிரண்டு பதினொன்று.

சூர்யபிரகாஷ் நூற்றுப்பன்னிரண்டை அழுத்தினான்.

"சார்... என் பேரு சூர்யபிரகாஷ். நான் ஆள் கடத்துற ஏஜென்ட். திருச்சி ஏர்போர்ட்ல நாலு பசங்க இருக்காங்க. பேரை எழுதிக்கங்க..."

ஒரு மணி ஐந்துக்கு, இமிக்ரேஷன் வரிசையில் ஐந்தாவது ஆளாக நின்றிருந்த இளம்பரிதியின் தோளில் ஒரு கை விழுந்தது. கூட வந்த ஏஜென்சி ஆள் கழிவறைப் பக்கம் நழுவினான். பிடித்தார்கள். அவன் பையில் நாலு போன்கள்.

எட்டாம் நாள், அந்த நாட்டு ராணுவம் முகாமுக்குள் புகுந்தது. பதினாறு பேரில் பதிமூன்று பேர் கிடைத்தார்கள். மூன்று பேரை வேறு முகாமுக்கு விற்றிருந்தார்கள். தேடுதல் நடக்கிறது.

ராஜராஜன் ஸ்ட்ரெச்சரில் வந்தான். இரண்டு கையிலும் மாவுக்கட்டு. அண்ணனைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டார்கள். கட்டுப் போட்ட கைகளைப் பார்த்தான்.

"இன்னிக்கு வேணாங்க," என்றான்.

அந்தத் தகவலை இன்ஸ்பெக்டர் ஈஸ்வரிதான் ஸ்டேஷனில் சூர்யபிரகாஷிடம் சொன்னார்.

ஈஸ்வரி மேஜைமேல் ஒரு கேமராவை நிறுத்தினார்.

"எத்தனை காலேஜ்ல பேசினே?"

"பதினொண்ணு மேடம்."

"உன்கிட்ட நம்பர் வாங்கின பசங்க இன்னும் எத்தனை பேரு கிளம்ப ரெடியா இருக்காங்களோ! உண்மையைச் சொல்லு. இந்த வீடியோ பதினொரு காலேஜுக்கும் இன்னிக்கே போகணும்."

"நான் சொன்னா இனிமே ஒருத்தரும் நம்ப மாட்டாங்க மேடம்..."

ஈஸ்வரி பட்டனைத் தட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"நம்பக்கூடாதுங்கறதுதான்யா பாடமே... ஆரம்பி!"